பட்டியல் ஏறிய சட்டி, பெயர் வெட்டிய குடம்

மலேசியாவின் செபராங் பிறையில், மாக் மண்டினில் எங்கள் வீட்டு அடுப்படியில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள்: அப்பாயியின் பெயர், அதற்கு முன்னால் அவருடைய தகப்பனாரின் முதலெழுத்து. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்தும் பாதி மழுங்கிவிட்டது. கலியாணச் சீராக வந்த குடம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, பினாங்கில் இறங்கியது.

அமெரிக்கக் குடியேற்றக் காலத்து விவசாயிகளின் சொத்துப் பட்டியல்களைப் பற்றி அண்மையில் படித்தபோது இந்தக் குடம்தான் கண்முன் நின்றது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நியூ இங்கிலாந்துப் பக்கம் ஒரு விவசாயி இறந்தால், அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் நீதிமன்றத்துக்காக வீட்டுக்கு வருவார்கள். அறை அறையாகப் போய், இருப்பதையெல்லாம் விலை போட்டு எழுதுவார்கள். இறகு மெத்தை, இரும்புச் சட்டி, ராட்டை, உழவு மாடு, பைபிள், பழைய இரும்புத் துண்டு வரை விடமாட்டார்கள். கடன்காரருக்குத் தீர்க்கவும் வாரிசுகளுக்குப் பிரிக்கவும் அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. பல வீடுகளில் சாமான்களிலேயே விலை கூடியது மெத்தையோடு சேர்ந்த கட்டில்தான். ஆலிஸ் ஹான்சன் ஜோன்ஸ் என்ற பொருளியல் அறிஞர், 1774ஐ ஒட்டி இறந்த 919 பேரின் பட்டியல்களைக் கொண்டே அன்றைய 13 காலனிகளின் செல்வநிலையைக் கணக்கிட்டார். அந்த விவசாயி எதில் சமைத்தார், எதில் படுத்தார் என்பது இன்று தெரிகிறதென்றால், யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததுதான் காரணம்.

செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பிறகு ரப்பர்த் தோட்டங்களிலும் இறந்த நம்மவர் வீட்டுக்கு அப்படி யாரும் தாளும் பேனாவுமாக வரவில்லை. வீடு, மண், மரம் எல்லாமே தோட்டத்துடையவை. ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் பெயர் ஏறிய இடம், கப்பல் செலவைக் கடனாகக் காட்டிய கணக்குப் புத்தகம். 1910இல் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுப்பது நின்றது. அதன்பின் கங்காணிகள் ஆள் கூட்டிவந்த காலத்திலும் லயன் வீட்டுக்குள் என்ன இருந்தது என்று எவரும் எழுதவில்லை. அப்பாயி சொன்னதை வைத்து நான் எழுதுகிறேன்: தகரப் பெட்டி ஒன்று, கோரைப்பாய் இரண்டு, அம்மி, உரல், மண்ணெண்ணெய் விளக்கு, மாரியம்மன் படம், மங்குத் தட்டு மூன்று. மெத்தை கிடையாது. சேமிப்பு முழுவதும் காதிலும் மூக்கிலும் கழுத்திலும் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோடு அடகுக்கடைக்குப் போகும். சம்பளம் வந்ததும் மீளும். சில மாதம் மீளாது.

அந்த அமெரிக்கப் பட்டியல்களை ஏக்கத்தோடு மட்டும் படிக்க முடியவில்லை. மாட்டுக்குப் பக்கத்து வரியில் அடிமை மனிதரின் பெயரும் விலையும் இருக்கும் பட்டியல்கள் உண்டு. தெற்குக் காலனிகளில் ஏராளம். மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமானும் அன்றைய சட்டப்படி கணவனின் உடைமையாகவே ஏறியது. எங்கள் குடத்தில் இருப்பதோ அப்பாயியின் பெயர்தான். இந்த ஒரு விஷயத்தில், நீதிமன்றத் தாளைவிடக் குடமே நேர்மையான ஆவணம் என்பேன்.

1950களிலும் 60களிலும், பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதை எதிர்கொள்ளத்தான். எங்கள் தோட்டமும் கைமாறியது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை தேடிக் குடும்பம் புறப்பட்டபோது லாரியில் உரலுக்கு இடமில்லை. வாசலிலேயே விட்டு வந்தார்கள். 1969க்குப் பிறகு, குடியுரிமையும் வேலை பெர்மிட்டும் இல்லாமல் தமிழ்நாடு திரும்பியவர்கள் எத்தனை அம்மியை, எத்தனை உரலை விட்டுப் போனார்களோ! பித்தளையில் பெயர் வெட்டினோம், கல்லில் வெட்டவில்லை. அவை யாருடையவை என்று சொல்ல இன்று ஆளில்லை.

உங்கள் வீட்டிலும் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று கிடக்கும். பழைய சாமான் வாங்குகிறவர் எடை போட்டு எடுத்துப் போவதற்குள் அதை இறக்கி, எழுத்தைப் படியுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் இதுவரை 14 சாமான்கள் ஏறியிருக்கின்றன.