மேல்நிலைத் தொட்டிக் கொசுவின் மரபணு வரலாறு

மலேரியா என்றதும் பலருக்குச் சாக்கடைதான் நினைவுக்கு வரும். ஆனால் எர்ணாவூரிலிருந்து அடையாறு வரை, சென்னையில் மலேரியாவைப் பரப்பும் 'அனாபிலஸ் ஸ்டீபன்சை' கொசுவுக்குப் பிடித்தது நல்ல தண்ணீர்! கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டிட வேலைக்குத் தேக்கிய நீர் இருந்தால் போதும்.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கண்டறிந்தார். ஸ்டீபன்சைக்கு 1901-இல் பெயர் சூட்டினார் லிஸ்டன். அதன் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படிக்க மேலும் நூறாண்டுக்கு மேல் ஆனது. ஏன் இவ்வளவு தாமதம்?

ஒரு காரணம், கொசு மிகச் சிறியது. ஒரு கொசுவில் கிடைக்கும் டி.என்.ஏ. பழைய கருவிகளுக்குப் போதாது. பல கொசுக்களைச் சேர்த்து அரைத்துத்தான் பிரித்தெடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு கொசுவின் டி.என்.ஏ.வும் கொஞ்சம் வேறுபடும். இரண்டு கடைகளின் பில்களைக் கலந்து ஒரே பேரேட்டில் எழுதினால் கணக்கு எப்படி நேராகும்?

2002-இல் ஆப்பிரிக்காவின் அனாபிலஸ் காம்பியே கொசுவுக்கு இதுதான் நடந்தது. அதற்குப் பயன்பட்ட 'பெஸ்ட்' ரகம் இரு வகைகளின் கலப்பு. அதனால் ஒரே பகுதி சில இடங்களில் இரண்டு தனிப் பகுதிகளைப் போலப் பதிவானது.

இதற்குத் தீர்வு உள்ளினக் கலப்பு. ஒரே தாய்க் கொசு இட்ட முட்டைகளைத் தனியாக வளர்த்து, அந்தச் சகோதர சகோதரிகளையே தலைமுறை தலைமுறையாக இணைய விடுவார்கள். நெருங்கிய உறவில் இணைவதால் சில வம்சங்கள் நலிந்து அழிந்தும் போகும். தப்பிப் பிழைப்பவற்றில் வேறுபாடு குறைந்திருக்கும். பிறகு உறைய வைத்து அரைத்து, செல்களை உடைத்து, புரதத்தை நீக்கி, ஆல்கஹாலில் டி.என்.ஏ.வைப் படிய வைப்பார்கள். வேகமாகக் கலக்கினால் நீண்ட இழைகள் அறுந்துவிடும்.

2014-இல் ஸ்டீபன்சையின் முதல் வரைவு துண்டு துண்டாக வெளிவந்தது. 2021-இல் கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக ஆய்வக ரகம் குரோமோசோம் அளவில் படிக்கப்பட்டது. அதில் '2ஆர்பி' என்ற பகுதி தலைகீழாகப் புரண்டிருந்தது. நீளம் சுமார் 1.65 கோடி எழுத்துகள். சுற்றுச்சூழலுக்கு ஏற்ப மாறுவதோடு இந்தப் புரட்டல் தொடர்புடையது. புரளாத வடிவம் எப்படி இருக்கும்?

பதில் சென்னையில் கிடைத்தது! 2016-இல் நகரின் ஒரு கட்டுமான இடத்தில் பிடித்த கொசுக்களிலிருந்து 'இண்ட்சிஎச்' ரகம் உருவானது. பெங்களூரு ஆய்வாளர்கள் அதன் தொகுப்பை 2022-இல் வெளியிட்டனர். இரண்டு பிரதிகளிலும் புரளாத வடிவமே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, புரட்டலை அடையாளம் காட்டும் 22,650 எழுத்து வேறுபாடுகளைப் பட்டியலிட்டனர். பல ஊர்களின் 82 கொசுக்களைப் படித்ததில், மூன்றில் ஒரு பங்கு இரு வடிவங்களையும் சேர்த்தே சுமந்தன.

இதனால் என்ன பயன்? 2012-இல் ஜிபூட்டியில் நுழைந்த இந்தக் கொசு பிறகு எத்தியோப்பியாவுக்கும் பரவியது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டம்பரில் சான்று பெற்றது. அதே டிசம்பரில் மன்னாரில் இது தென்பட்டது. முன்பு புரட்டலைக் காணக் குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டும். இப்போது மன்னாரிலோ ஜிபூட்டியிலோ பிடிபடும் ஒரு கொசுவின் டி.என்.ஏ.வே அதைச் சொல்லிவிடும்.