கரி பஸ்ஸும் கரன்ட் பஸ்ஸும்



2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பிய படத்தைப் பார்த்தேன். அப்பா சொன்ன கரி பஸ் ஞாபகம் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு. டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் 'கேஸ் பிளான்ட்' தயாரித்தார். மரக்கரியிலிருந்து வரும் வாயுவில் பஸ் ஓடும். கிளம்பும் முன் காற்றூதிக் கரியைக் கனிய வைக்க வேண்டும். மேட்டில் வண்டி திணறும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்களாம்! போருக்குப் பிறகு மெல்ல டீசல் வந்தது. 1972-ல் மதுரையில் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகமும் வந்தது.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பஸ் என்றால் இலவச பாஸ் காட்டி ஏறும் டவுன் பஸ்தானே? மின்சார பஸ் முதலில் அந்த வழித்தடங்களுக்கு வர வேண்டும் என்பேன். காரணம் இருக்கிறது. என் வகுப்பில் இளைப்புள்ள ஒரு பெண் படித்தாள். தினமும் சாலையோரம் லாரி, பஸ் புகையில் நின்றுவிட்டு வருவாள். முதல் பீரியடில் மூச்சு வாங்கும், தலை கவிழ்ந்திருப்பாள். தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்.

இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதும்மா.