சின்னாளப்பட்டிக்கு வைரஸ் வந்த பாதை

திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறினால் சிறுமலை இடது கைப் பக்கமாகக் கூடவே வரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எங்கள் ஊர். சின்னாளப்பட்டி என்றால் சுங்குடி, பட்டு, தறி. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் இந்த ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைத்தவன். தறிக்காரர் வீட்டுப் பெட்டி, ஜவுளி முதலாளி ஆபீஸ் பெட்டி, காலேஜ் பிள்ளைகளின் லேப்டாப் என்று எல்லாமே என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன. எழுத எனக்கு இருக்கிற சரக்கு வைரஸ்தான். இத்தனை காலம் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: வைரஸ் தானாக இந்த ஊருக்கு வழி தேடி வந்ததில்லை. அந்தந்தக் காலத்தில் நமக்கு எது அவசரமோ, அதன் முதுகில் ஏறி வந்தது.

முதலில் ஃப்ளாப்பி. பக்கத்துக் காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய நிறுவனம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே படித்த பிள்ளைகள் சட்டைப் பையில் ஃப்ளாப்பியோடு ஊருக்குள் வந்தார்கள். இன்னொரு பக்கம், ஜவுளிக் கடைகளில் பேரேடு போய் டேலி வந்தது. ஒரு கடையின் ஃப்ளாப்பி நாலு கடைக்குப் போகும். ஐபிஎம் ரகக் கம்ப்யூட்டர்களுக்கான முதல் வைரஸ் என்று சொல்லப்படும் ‘பிரெய்ன்’ 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் பிறந்ததும் இப்படித்தான். பாசித், அம்ஜத் என்ற அண்ணன் தம்பிகள், தாங்கள் எழுதிய மென்பொருளை ஊரார் ஓசியில் நகல் எடுக்காமல் தடுக்கத்தான் அதை எழுதினோம் என்றார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் கடை முகவரியும் போன் நம்பரும் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து வைரஸ்காரனுக்கு ஒளிந்துகொள்ளத் தோன்றவில்லை.

விளையாட்டு வினையானது 1999 ஏப்ரல் 26 அன்று. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய ‘சிஐஎச்’, செர்னோபில் விபத்து நடந்த அதே தேதியில் கண் விழித்தது. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. மதர்போர்டின் பயாஸ் சிப்பையும் கெடுத்தது. சிப் கெட்டால் பெட்டி உயிரே பிடிக்காது. ஃபார்மேட் அடிக்கக்கூட வழியில்லை. இந்தியாவிலும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் படுத்தன. வைரஸ் என்றால் ஏதோ திரையில் எழுத்துக் கொட்டும் வேடிக்கை என்று நினைத்திருந்தவர்களுக்கு, காசு போகும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. எங்கள் பக்கம் அது பரவலாக வந்து சேர்ந்தது பிரௌசிங் சென்டர் வழியாக. மோடம் கீச்கீச்சென்று கத்தி, லைன் கிடைத்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அந்தக் காலத்தில் தமிழ் படிக்கிறவனுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை இருந்தது. யூனிகோடு பரவாத காலம். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு ஃபான்ட். பக்கத்தைத் திறந்தால் கோணல் மாணலாக ஏதோ தெரியும். ‘எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்’ என்று ஓரத்தில் ஒரு வரி இருக்கும். இறக்கு, ‘யெஸ்’ கொடு, இன்னொரு ‘யெஸ்’ கொடு. இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, பொதுக் குறியீடும் விசைப்பலகையும் வகுத்தது. ஆனால் பழக்கம் அதற்குள் விரலில் ஏறிவிட்டது. திரையில் பெட்டி ஒன்று குதித்தால் படிக்காமல் ‘யெஸ்’ அமுக்குவது என்பதை, நல்ல காரியத்துக்காகவே நாங்கள் கற்றுக்கொண்டோம். திருடன் வந்தபோதும் அதே ‘யெஸ்’தான் அவனுக்குக் கிடைத்தது.

டயலர் என்று ஒரு ரகம் அப்படி வந்ததுதான். ஏதோ படம் பார்க்க ‘யெஸ்’ கொடுத்திருப்பார்கள். அது உள்ளூர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெயர் கேட்டிராத தீவு ஒன்றுக்கு ஐஎஸ்டி போட்டுக்கொள்ளும். மாசக் கடைசியில் டெலிபோன் பில்லைப் பார்த்துத்தான் வீட்டில் தெரியும். ‘யாரு போன் பண்ணது?’ என்று அப்பா கேட்க, பையன் வாய் திறக்காமல் என் கடை வாசலில் வந்து நிற்பான்.

2000 மே மாதம் மணிலாவில் இருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸை எங்கள் ஊர்க் கண்ணால் பார்த்தால்தான் அதன் கொடூரம் புரியும். காதல் கடிதம் என்று மெயில் வரும். ஃபைல் பெயரின் முடிவில் ‘டெக்ஸ்ட்’ என்பது போலத் தெரியும். அதற்கும் பின்னால் உண்மையான முடிவு ஒளிந்திருக்கும், ஏனென்றால் விண்டோஸ் கடைசி வாலை மறைத்துத்தான் காட்டும். திறந்தால், கம்ப்யூட்டரில் உள்ள ஜேபெக் படங்களின் மேல் தன்னையே எழுதிவிடும். ஒரு ஜவுளிக்காரருக்கு ஜேபெக் என்றால் சேலை டிசைன். புட்டாவும் பார்டரும் அழிந்த பிறகு வைரஸை எடுத்து என்ன லாபம்? அதை எழுதிய ஒனெல் டி குஸ்மானைத் தண்டிக்க அன்றைக்குப் பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17-ல் அமலுக்கு வந்தது; அடுத்தவர் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏற்றுவது அதன் 43-வது பிரிவில் இருக்கிறது.

யெஸ்ஸும் கேட்காமல், மெயிலும் இல்லாமல் வந்தது 2003 ஆகஸ்ட் மாதத்து ‘பிளாஸ்டர்’. இன்டர்நெட்டில் இணைந்தால் போதும். ‘அறுபது நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்’ என்று ஒரு பெட்டி தோன்றி எண்ணத் தொடங்கும். நாங்கள் அவசரமாக விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் சேர்த்து அமுக்கி, ‘ரன்’ பெட்டியில் ‘ஷட்டௌன் மைனஸ் ஏ’ என்று அடித்து அந்த எண்ணிக்கையை நிறுத்துவோம். நின்ற இடைவெளியில் மருந்து இறக்கிப் போட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மருந்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. போட ஆள் இல்லை. ஊரில் ஓடிய எக்ஸ்பி பெரும்பாலும் காப்பி சிடி. அப்டேட் போட்டால் திருட்டு வெளுத்துவிடும் என்று, இன்ஸ்டால் செய்யும்போதே அப்டேட்டை நிறுத்திவைப்பது எங்கள் தொழிலில் சர்வ சாதாரணம். 2008-ல் ‘கான்ஃபிக்கர்’ புழு இந்தியாவை இவ்வளவு ஆட்டியதற்கும் காரணம் இதுதான். அக்டோபரில் மருந்து வந்துவிட்டது, நவம்பரில் புழு வந்தது. நடுவே ஒரு மாதம் இருந்தும் இங்கே பாதிப் பெட்டிகளுக்கு மருந்து போய்ச் சேரவில்லை.

2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை கணக்கில்லாமல் இறக்கலாம் என்றொரு பிளான். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பாட்டும் படமும் இறக்கியவர்கள் இதைப் படிக்கும்போது சிரிப்பார்கள். படத்தோடு ‘கிராக்’ வரும், கிராக்கோடு டிரோஜன் வரும். கிராக்கைப் போடும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடச் சொல்லி அதற்குள்ளேயே ஒரு குறிப்பும் இருக்கும். சொன்னபடி அணைத்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள்.

எனக்குக் கை நிறைய வேலை கொடுத்தது பென்டிரைவ் காலம்தான். கல்யாண ஆல்பம், ஃபிளெக்ஸ் போர்டு, ரெக்கார்ட் நோட்டு பிரிண்ட், சேலை டிசைன் எல்லாம் பென்டிரைவில் போய் வந்தன. செருகியதும் தானாக ஓடும் ‘ஆட்டோரன்’ வசதி வைரஸுக்கு வசதியாகிவிட்டது. 2007 வாக்கில் ஒன்று வந்தது: ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் திட்டும், ஆர்க்குட் போனால் தடை என்று சொல்லி வில்லன் சிரிப்பு சிரிக்கும். பையன்கள் அலறியடித்து ஓடி வந்தார்கள். பிறகு வந்த ஷார்ட்கட் வைரஸ் இன்னும் சூட்சுமமானது. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதைத் தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். எதுவும் நடக்காதது போலவே இருக்கும்.

‘எல்லாம் அழிஞ்சு போச்சுண்ணே, ஷார்ட்கட்டா இருக்கு’ என்று ஸ்டுடியோக்காரத் தம்பி கலங்கிப்போய் நிற்பான்.

‘ஒண்ணும் அழியலப்பா, உள்ளதான் ஒளிஞ்சு கெடக்கு. உக்காரு.’

கறுப்புத் திரையைத் திறந்து ‘அட்ரிப்’ என்று ஒரு கட்டளை அடித்தால், மாப்பிள்ளை பொண்ணு போட்டோ எல்லாம் வரிசையாக வெளியே வரும். மாந்திரீகம் தெரிந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள். ஆட்டோரன் என்ற அந்த வாசலை அடைத்தது ஆன்டிவைரஸ் அல்ல. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென்டிரைவ் ஆட்டோரன்னை நிறுத்தும் அப்டேட்டை அனுப்பியது. எக்ஸ்பியின் ஃபயர்வாலை 2004-ல் தானாகவே ஓடும்படி வைத்தபோதும் இதேதான் நடந்தது. ஓட்டையை அடைத்ததும் புழு வரத்து குறைந்தது.

ஆன்டிவைரஸைக் குறை சொல்லவில்லை. சென்னையில் கேசவர்தனன் 1991-ல் தொடங்கிய கே7 நம் ஊர்ச் சரக்கு. ஜப்பான் வரை விற்றது. கால்குலேட்டர் பழுது பார்த்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் புனேயில் உருவாக்கிய குவிக் ஹீல், தமிழ்நாட்டுச் சின்ன ஊர்க் கடைகளிலும் அட்டைப் பெட்டியாகத் தொங்கியது. ஆனால் பழைய ஆன்டிவைரஸ் வேலை செய்தவிதம், தெரிந்த கேடிகளின் போட்டோவை ஸ்டேஷனில் ஒட்டிவைப்பது மாதிரி. புதுக் கேடி நேரே நடந்து உள்ளே போய்விடுவான். பிரௌசிங் சென்டர்காரர்கள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டு ‘டீப் ஃப்ரீஸ்’ போட்டார்கள்: எவன் எதை ஏற்றினாலும், அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். 2011 ஏப்ரலில் வந்த சைபர் கஃபே விதிகள் அடையாளச் சான்று, வருகைப் பதிவேடு, நாலரை அடிக்கு மேல் தடுப்பு கூடாது என்றெல்லாம் கேட்டன. அதற்குள் இன்டர்நெட் வீட்டுக்கே போய்விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. வைரஸ் அவ்வளவாக அண்டாத பக்கம் அது. பிள்ளைகள் முதல் வேலையாக அதைத்தான் அழிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள்.

இன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆபத்து பெரும்பாலும் பிரௌசர் வழியாகத்தான் வருகிறது. மென்பொருள் இறக்கப் போனால் பக்கத்தில் நாலு போலி ‘டவுன்லோட்’ பட்டன். ‘நோட்டிஃபிகேஷன் காட்டவா?’ என்று கேட்டு, ‘அலோ’ கொடுத்தால் வலது மூலையில் ஓயாமல் ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்’ என்று குதிக்கும் பொய். அது வைரஸே அல்ல. பிரௌசர் செட்டிங்கில் போய் அந்த வெப்சைட்டின் அனுமதியை நீக்கினால் அடங்கிவிடும். இதற்கும் காசு கொடுத்து ஃபார்மேட் அடித்தவர்கள் உண்டு.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். அப்டேட்டை நிறுத்தாதீர்கள், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதிலேயே பேங்க் வேலை பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு அட்மின் இல்லாத தனி அக்கவுன்ட் போடுங்கள். ஃபைல் பெயரின் வால் தெரியும்படி வையுங்கள். விளம்பரத் தடுப்பான் ஒன்று இருக்கட்டும். போட்டோவையும் கணக்கையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ உலகத்தையே பூட்டுப் போட்டுப் பணம் கேட்டபோது, கழற்றி வைத்திருந்தவனுக்குக் கவலை இல்லை.

புதிதாக ஒன்று சுற்றுகிறது. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்டுங்கள்’ என்று ஒரு பக்கம் கேட்கும். விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் அமுக்கு, கன்ட்ரோல் வி அமுக்கு, என்டர் தட்டு என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கும். அப்படிச் செய்தால், பாஸ்வேர்ட் திருடும் நிரலை உங்கள் கையாலேயே ஓட்டியதாகிவிடும். பிளாஸ்டர் காலத்தில் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற நாங்கள் ஓடித் திறந்த அதே ‘ரன்’ பெட்டிதான் இது. எந்த ஒழுங்கான வெப்சைட்டுக்கும் அந்தப் பெட்டியில் வேலை கிடையாது. திறக்கச் சொன்னால் திருடன் என்று வைத்துக்கொண்டு ஜன்னலை மூடுங்கள். அவன் சொன்னதை ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் நெட்டைத் துண்டித்து, வேறொரு போனில் இருந்து பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டு, பணம் போயிருந்தால் 1930-க்கு அடியுங்கள். அதற்குப் பிறகு என் கடைக்கு வாருங்கள், போதும்.