யாருக்குக் களம்? மைக்கேல் கியூசாக்கின் 1884 கட்டுரை: ஒரு மறுவாசிப்பு

1884 அக்டோபர் 11 அன்று ‘யுனைட்டெட் அயர்லாந்து’ இதழில் பெயரின்றி வெளியான ஐரிஷ் தடகளம் பற்றிய சிறு கட்டுரையிலிருந்தே கேலிக் தடகளச் சங்கம் தோன்றியது என்பதில் கருத்து வேறுபாடில்லை. எழுதியவர் மைக்கேல் கியூசாக் என்பதிலும் இன்று ஐயமில்லை. அதை எவ்வாறு வாசிப்பது என்பதில்தான் நான் முந்தைய ஆய்வு மரபிலிருந்து விலக நேர்கிறது. அம்மரபுக்கு இக்கட்டுரை ஒரு தேசிய முழக்கம். 1882இல்கூட ஊர்தோறும் கிரிக்கெட் வளர வேண்டுமென்று எழுதியவர், ரக்பி ஆடியவர், ஈராண்டுக்குள் மனம் மாறி ஆங்கில ஆட்டங்களைத் துறந்ததன் அறிக்கையாகவே அது இதைக் காண்கிறது.

இவ்வாசிப்பு கட்டுரையின் முதற்பகுதியை மட்டுமே நம்பி நிற்கிறது. ஆட்டங்களைக் கைவிட்ட இனம் நலியும், அந்நியச் சட்டங்கள் மக்களைக் கூடுமிடங்களிலிருந்து விரட்டின என்றெல்லாம் உரத்த குரலில் பேசும் பகுதி அது. அடுத்து வருவதை ஆய்வாளர்கள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். அங்கே கியூசாக் ஒரு குற்றப்பட்டியலை அடுக்குகிறார். அயர்லாந்தில் தடகளத்துக்குப் புத்துயிர் ஊட்டியதாகச் சொல்லிக்கொண்டோர், கூலித்தொழிலாளரையும் கைவினைஞரையும் போட்டிகளில் சேர்க்கவில்லை. போலீஸ்காரரையும் படைவீரரையும்கூடச் சேர்க்கவில்லை. ஈராண்டுக்கு முன்பு, தடகளத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத எவரும் கலந்துகொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. ஆனால் அந்தச் சலுகையோடு ஒரு விலங்கும் வந்தது: எல்லாப் போட்டிகளும் இங்கிலாந்தின் அமெச்சூர் தடகளச் சங்க விதிகளின்படியே நடக்க வேண்டும், வேறு விதியின்கீழ் ஓடியவர் பின்னர் எங்கும் ஓட முடியாது.

இப்பட்டியலில் போலீஸ்காரர் இடம்பெறுவதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 1884 அயர்லாந்தில், தலைநகர் டப்ளினுக்கு வெளியே, போலீஸ் என்றால் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி. நிலக்கிழார்களுக்கு எதிராகக் குடியானவர் நடத்திய நிலப்போரில், அவர்களை வீட்டிலிருந்து வெளியேற்றும்போது துணை நின்ற படை. அந்நியர்மீதான வெறுப்பு ஒன்றே இக்கட்டுரையின் உயிர் என்றால், அரசியின் சம்பளம் வாங்கும் காவலருக்கும் சிப்பாய்க்கும் களம் மறுக்கப்பட்டதை அநீதிகளுள் ஒன்றாக எண்ண வேண்டிய தேவை என்ன? தாழ்த்தப்பட்டோர் வரிசையை நீட்டிக்காட்டும் அலங்காரமே இது என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பு நிற்காது. கியூசாக் 1877 முதல் டப்ளினில் நடத்திய பயிற்சிக்கூடமே அரசுப் பணித் தேர்வுகளுக்கு இளைஞரை ஆயத்தப்படுத்தியது. அவரிடம் பயின்று கான்ஸ்டபுலரி அதிகாரியான தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தி, அதே ஆண்டு நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரின் ஹேய்ஸ் விடுதியில் சங்கம் தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தார். கிளேர் மாவட்டத்துக் கேரனில் மந்தை மேய்ப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்த கியூசாக்குக்கு, பிறப்பையும் தொழிலையும் காட்டி விலக்கப்படுவது என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே இக்கட்டுரையில் தேசிய முழக்கத்தைவிட, களத்தில் இறங்கத் தகுதியுடையவர் யார், அதற்கு விதி வகுப்பவர் யார் என்று கேட்கும் ஒரு நிர்வாகியின் குரலையே நான் கேட்கிறேன். கட்டுரை முடியும் இடமும் இவ்வாசிப்புக்குத் துணை நிற்கிறது. ஆட்டங்களின் நிர்வாகத்தை ஐரிஷ் மக்கள் தம் கையில் எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் போட்டிகளுக்கான விதிகளை உடனே வகுக்க வேண்டும் என்கிறார் கியூசாக். அடுத்த பருவத்துக்குள் ஆக வேண்டிய வேலையைக் கணக்கிடும் குரல் இது. விதிகள் பொருந்தாவிட்டால் என்ன நேரும் என்பதை அவர் அவ்வாண்டு ஈஸ்டரின்போது நேரில் கண்டிருந்தார். பாலினஸ்லோவில் அவருடைய டப்ளின் அணியும் கில்லிமோர் அணியும் மோதிய ஹர்லிங் ஆட்டத்தில் இரு தரப்பும் இரு வேறு முறைகளில் ஆடின. ஆட்டம் உருப்படியாக நடக்கவில்லை.

கட்டுரையின் முதல் வாசகர்களுள் ஒருவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கும் சான்று உண்டு. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 18 அன்று மாரிஸ் டாவினின் பதில் அச்சேறியது. இனப்பெருமையைப் பற்றி அவர் நீட்டி முழக்கவில்லை. ஆங்கில ஆட்டங்களுக்கு விதிக் கையேடுகள் உள்ளன, ஐரிஷ் கால்பந்துக்கும் ஹர்லிங்குக்கும் இல்லை, அதனால் அவை ஆபத்தாகின்றன என்பதே அவர் கவலை. 1881இல் இங்கிலாந்தின் சாம்பியன்ஷிப்பிலேயே குண்டெறிதலிலும் சம்மட்டி எறிதலிலும் வென்றவர் அவர்; ஆங்கில விதிகளின் பயனை அறிந்தவர். கியூசாக் கேட்டது எதுவென்று டாவின் சரியாகவே பிடித்தார் என்று கருதுகிறேன்.

1885 தொடக்கத்தில் கியூசாக்கின் சங்கமும், பிற விதிகளின்கீழ் போட்டியிடுவோரைத் தன் களத்திலிருந்து விலக்கியது. இது என் வாசிப்புக்கு முரண் போலத் தோன்றலாம். ஆனால் தகுதி விதியைக் கையில் வைத்திருப்பவரே விளையாட்டை ஆள்கிறார் என்பதை அவர் எதிராளியிடமே கற்றிருந்தார். அந்தக் கருவியைத் திருப்பிப் பிடித்தார். அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன். ஆயினும் அத்தடை, ஒருவர் எந்த விதியின்கீழ் ஓடினார் என்று மட்டுமே கேட்டது. என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவில்லை.

கடிதங்களுக்குப் பதிலெழுதாமலும் கணக்குகளைச் சரிவர ஒப்படைக்காமலும் 1886 ஜூலையில் செயலாளர் பதவியை இழந்தவரை நிர்வாகி என்பது தகுமா என்ற வினாவுக்கு நெடிய விடை வேண்டியதில்லை. அலுவலகம் நடத்தத் தெரியாமை வேறு. அமைப்பின் அடிப்படை எதுவெனத் தெரிந்திருத்தல் வேறு. கான்ஸ்டபுலரியினர் சங்கத்தில் சேரக்கூடாது என்ற விதியைப் புதிய செயற்குழு கொண்டுவந்தது 1887இல். பதவியிலிருந்து கியூசாக் நீக்கப்பட்டு ஓராண்டுகூட அப்போது ஆகியிருக்கவில்லை.