தாயமும் மராத்தித் ‘தான்’ என்பதும்: ஆட்டச்சொல் மொழிபெயர்ப்பு

தாய ஆட்டத்தில் நான்கு பக்கமுடைய நீள்கட்டைகள் இரண்டு உருட்டப்படுகின்றன. பொதுவழக்கில் அப்பக்கங்கள் 0, 1, 2, 3 எனப் புள்ளி பெறும். கூட்டுத்தொகை 1 ஆயின் தாயம். அது விழுந்த பின்னரே காய் கட்டத்தில் இறங்கும். இரண்டும் வெறுமையாயின் 12. தாயம், 5, 6, 12 ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) தாயத்திற்கு மரபுரிமைச் சொத்து, கவற்றின் வீழ்ச்சி ஆகிய இருபொருளையும் தருகிறது. தாயபாகம், தாயாதி என்பன முற்பொருளின் வழிவந்தவை. இச்சொல் ‘கொடு’ எனப் பொருள்படும் வடமொழி வேரோடு இணைக்கப்படுவது.

மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழரைச் சூழ்ந்துள்ள மராத்தியில் கவற்றின் வீழ்ச்சி ‘தான்’ எனப்படும். இதுவும் அவ்வேரினதே. உடன்வரும் வினையும் ‘விழு’ என்னும் பொருளதே. நல்ல ‘தான்’ விழுதல் வாழ்வில் வாய்ப்பு அமைதலையும் உணர்த்தும்.

எனினும் வேரொற்றுமை பொருளொற்றுமை ஆகாது. மராத்திச் சொல் எவ்வெண்ணுக்கும் பொது; தமிழ் வழக்கில் தாயம் பெரும்பாலும் 1 மட்டுமே. மராத்திக் கதையில் 4 விழுவதைத் தாயம் எனப் பெயர்த்தால் ஆட்டம் பிழைபடும். ‘தானம்’ என்றால் ஆட்டமே மறையும். ‘நாலு விழுந்தது’ என்பதே தமிழ். நெடிது காத்திருந்தவனுக்கு வாய்ப்பு வந்த இடத்திலோ ‘தாயம் விழுந்தது’ என்பது முற்றும் பொருந்தும். ஆட்டத்தில் நுழையும் உரிமையைத் தருவது அவ்வீழ்ச்சியே ஆதலின்.