வாடாத இரண்டு பூக்குவியல்



குரு நானக் 1539இல் ராவி நதிக்கரையிலுள்ள கர்த்தார்பூரில் மறைந்தார். தகனம் செய்வோம் என்றார்கள் இந்துச் சீடர்கள். அடக்கம் செய்வோம் என்றார்கள் முஸ்லிம் சீடர்கள். "இருவரும் இருபுறம் பூ வையுங்கள். மறுநாள் யாருடைய பூ வாடாமல் இருக்கிறதோ, அவர்கள் விருப்பப்படி செய்யலாம்" என்று குரு முன்பே சொல்லியிருந்தாராம்.

காலையில் போர்வையை விலக்கினால் உடலைக் காணோம். இரண்டு பக்கப் பூவும் வாடவில்லை! போர்வையைப் பாதியாகக் கிழித்து ஒன்றை எரித்தார்கள், மற்றதைப் புதைத்தார்கள். ஜனம்சாகி நூல்கள் சொல்லும் மரபுக் கதை இது.

இன்றும் அங்கே இந்துக்களின் சமாதி, முஸ்லிம்களின் கல்லறை இரண்டும் இருக்கின்றன. ஊர் இப்போது பாகிஸ்தானில். நம் நாட்டுப் பக்தர்களுக்கான வழித்தடம் 2019 நவம்பர் 9இல் திறக்கப்பட்டது.

தகனத்துக்குப் பின் பொறுக்கும் எலும்புகளையும் பஞ்சாபியர் 'பூக்கள்' என்றே சொல்வார்கள். கீரத்பூரில் சட்லஜ் நதியில் அவற்றைக் கரைப்பார்கள்.

சீக்கிய நண்பர் வீட்டுத் துக்கத்துக்குப் போகிறீர்களா? மலர் வளையம் கட்டாயமில்லை. தலையை மூடிக்கொண்டு பிரார்த்தனையில் உட்கார்ந்தாலே போதும்.

இறந்தவர் எங்களுக்கே சொந்தம் என்று சண்டை வரும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.