ஈதர்நெட் டிரான்சீவர்

ஈதர்நெட் டிரான்சீவர் என்பது கணினி, சுவிட்ச், ரௌட்டர் போன்ற கருவிகளின் எண்ணிமத் தரவை முறுக்கிணை வடத்தில் செல்லத்தக்க மின்குறிகையாக மாற்றி அனுப்பும் தொகுசுற்று ஆகும். வடத்தின் வழியே வரும் குறிகையை மீண்டும் தரவாக மீட்பதும் இதன் பணியே. ஈதர்நெட்டின் இயற்பியல் அடுக்கை இச்சில்லு நிறைவேற்றுவதால் பொறியாளர் வழக்கில் இது ஃபை எனப்படுகிறது. சட்டங்களை அமைப்பதும் முகவரியைச் சரிபார்ப்பதும் இதன் பணியல்ல. அவை மேக் எனப்படும் ஊடக அணுகல் கட்டுப்பாட்டுப் பகுதியைச் சேர்ந்தவை.

1983இல் சீர்தரமாக்கப்பட்ட 10பேஸ்5 முறையில் டிரான்சீவர் தடித்த ஓரச்சு வடத்தின் மீது பொருத்தப்படும் தனிப் பெட்டியாக இருந்தது. பின்னர் அது படிப்படியாகக் கருவியின் உள்ளே இடம்பெறும் சில்லாகச் சுருங்கியது. முறுக்கிணை வடத்துக்கான 10பேஸ்-டி சீர்தரம் 1990இல் வெளிவந்தது.

வேறுபாட்டுக் குறிகை

பிட் 1 எனில் கம்பியில் மின்னழுத்தம் உண்டு, 0 எனில் இல்லை என்ற எளிய முறையில் தரவு செல்வதாகக் கருதுவது தவறாகும். ஓர் இணையின் ஒரு கம்பியில் மின்னழுத்தம் உயரும்போது மற்றதில் அதே அளவு தாழுமாறு சில்லு குறிகையைச் செலுத்துகிறது. மறுமுனையிலுள்ள சில்லு இரண்டின் வேறுபாட்டை மட்டுமே கணக்கில் கொள்ளும். எடுத்துக்காட்டாக, கம்பிகளில் +0.5, -0.5 வோல்ட் இருப்பின் வேறுபாடு 1 வோல்ட். அருகிலுள்ள குழல்விளக்கின் சோக்கு இரு கம்பிகளிலும் 0.3 வோல்ட் இரைச்சலை ஏற்றினால் அவை +0.8, -0.2 ஆகும், வேறுபாடு அதே 1 வோல்ட்தான். இரைச்சல் இரண்டையும் சம அளவில் தாக்குவதற்காகவே கம்பிகள் முறுக்கப்படுகின்றன. வடத்தின் நான்கு இணைகளும் வெவ்வேறு முறுக்கு நீளம் கொண்டவை. இல்லையெனில் அடுத்தடுத்த இணைகள் ஒன்றின் குறிகையை மற்றொன்று ஏற்கும்.

வடம் பொருத்துவோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று இங்கு குறிப்பிடத்தக்கது. ஆர்ஜே-45 இணைப்பியில் 1, 2 ஆகிய முனைகள் ஓர் இணைக்கும், 3, 6 ஆகியவை மற்றோர் இணைக்கும் உரியவை. இதனை அறியாமல் இணைகளை 1-2, 3-4, 5-6 என்ற வரிசையில் இரு முனைகளிலும் பொருத்தினால், தொடர்ச்சியை மட்டும் சோதிக்கும் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆயினும் 3, 6 ஆகியவை வெவ்வேறு இணைகளின் கம்பிகளாகிவிடுவதால் முறுக்கின் பயன் இழக்கப்படுகிறது. இத்தகைய வடம் குறைந்த வேகத்தில் இயங்கி, 100 மெகாபிட் வேகத்தில் பிழைகளைத் தரும்.

வடத்தின் மின்மறிப்பு 100 ஓம். சில்லின் பக்கத்திலும் அதே மதிப்புள்ள முடிவுத்தடை இல்லையெனில் குறிகை எதிரொலித்துத் திரும்பும். சில்லுக்கும் வடத்துக்கும் இடையே சிறு மின்மாற்றி ஒன்று வைக்கப்படுகிறது. 1500 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்கும் காப்பை இது அளிக்கிறது. ஆனால் மின்மாற்றி நேர்மின்னோட்டத்தைக் கடத்தாது. குறிமுறைகளின் வடிவமைப்பில் இது பெரும் பங்கு வகிக்கிறது.

குறிமுறைகள்

10பேஸ்-டி முறையில் மான்செஸ்டர் குறிமுறை பயன்படுகிறது. ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மின்னழுத்தம் திசை மாறுவதால் பெறும் சில்லு கடிகாரத்தை எளிதில் மீட்கிறது. சராசரி மின்னழுத்தமும் சுழியாக அமைகிறது. ஆயினும் இதே முறையை 100 மெகாபிட்டுக்குப் பயன்படுத்தினால் அதிர்வெண் 100 மெகா ஹெர்ட்ஸை எட்டி, குறிகை மிகவும் மெலியும்.

ஆகவே 1995இல் வந்த 100பேஸ்-டிஎக்ஸ் வேறு வழியை மேற்கொண்டது. 4 பிட்டுகள் 5 பிட்டுகளாக மாற்றப்பட்டு, 11 பிட் நகர்வுப் பதிவகத்தின் உதவியால் கலைக்கப்பட்டு, எம்எல்டி-3 என்னும் மூன்று நிலைக் குறிமுறையில் அனுப்பப்படுகின்றன. பிட் 1 எனில் குறிகை அடுத்த நிலைக்கு நகரும். 0 எனில் இருந்த நிலையிலேயே இருக்கும். ஒரு முழு அலைக்குக் குறைந்தது நான்கு பிட்டுகள் தேவைப்படுவதால் வினாடிக்கு 125 மெகாபிட் ஓட்டத்தின் உச்ச அடிப்படை அதிர்வெண் 31.25 மெகா ஹெர்ட்ஸ் மட்டுமே. குறிகை ஒரே நிலையில் நீண்டநேரம் நின்றால் மின்மாற்றி அதனை மெல்ல இழுத்து இடம்பெயர்த்துவிடும். இதனை ஈடுசெய்வது பெறும் சில்லின் பொறுப்பாகும். கலைக்கும் முறை எவரும் அறிந்ததே என்பதால் இவ்விடப்பெயர்ச்சியை மிகுவிக்கும் தரவுப் பொட்டலங்களை வேண்டுமென்றே உருவாக்கிச் சில்லுகளைச் சோதிப்பதும் உண்டு.

1999இல் சீர்தரமான 1000பேஸ்-டி முறையில் குறியீட்டு வேகம் உயர்த்தப்படவில்லை. அதே 125 மெகாபாட். நான்கு இணைகளும் பயன்படுகின்றன. ஒவ்வொன்றும் ஐந்து நிலைகளுடன் ஒரு குறியீட்டில் 2 பிட்டுகளைச் சுமக்கிறது. அத்துடன் ஒரே இணையில் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் குறிகை செல்கிறது. எனவே ஒவ்வொரு சில்லும் தான் அனுப்பியதன் எதிரொலியையும், தனது பிற மூன்று இணைகளிலிருந்து கசியும் குறிகையையும் கணித்துக் கழித்த பின்னரே எதிர்முனையின் குறிகையை அறிய முடியும். இக்கணிப்பை எண்ணிமக் குறிகைச் செயலாக்கம் செய்கிறது. ஐந்து நிலைகள் நான்கு இணைகளில் 625 சேர்க்கைகளைத் தரும். 8 பிட்டுகளுக்கு 256 போதும். எஞ்சியவற்றின் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு உதவுகிறது.

தன்னியக்க இணக்கம்

இணைப்பு ஏற்படும் முன் இரு சில்லுகளும் ஏறத்தாழ 16 மில்லிவினாடிக்கு ஒருமுறை துடிப்புத் தொகுதிகளை அனுப்பித் தத்தம் திறன்களை அறிவிக்கின்றன. 17 கடிகாரத் துடிப்புகளுக்கு இடையே 16 பிட் செய்தி அமைகிறது. ஒரு முனையில் மட்டும் 100 மெகாபிட், முழு இருவழி என நிலையாக அமைத்துவிட்டால் மறுமுனை இத்தொகுதிகளைப் பெறாது. அது குறிகையைக் கொண்டு வேகத்தைக் கண்டறிந்தாலும், சீர்தரத்தின்படி அரை இருவழியையே தேர்ந்தெடுக்கும். விளக்கு எரியும், பிங் பதிலளிக்கும். பெரிய கோப்புகளை அனுப்பும்போது மட்டும் மோதல்கள் மிகுந்து வேகம் வெகுவாகக் குறையும். ஆகையால் இரு முனைகளையும் ஒரே விதமாக அமைத்தல் வேண்டும்.

பிற்கால வளர்ச்சி

2006இல் வெளிவந்த 10ஜிபேஸ்-டி 16 நிலைகளையும் 800 மெகாபாட் வேகத்தையும் கொண்டது. 100 மீட்டருக்கு 6ஏ வகை வடம் வேண்டும். ஏற்கனவே பதிக்கப்பட்ட 5இ வகை வடங்களை மாற்றுவது செலவு மிக்கது என்பதால், இதே நுட்பத்தின் குறியீட்டு வேகத்தை 200, 400 மெகாபாட்டாகக் குறைத்து 2.5, 5 கிகாபிட் சீர்தரங்கள் 2016இல் உருவாக்கப்பட்டன.